டேக்கிள் செய்யும்போது தலையைக் குனிகிறான்: மகனை ஃபுட்பாலில் தொடர விடலாமா?

டெக்சஸ்_அம்மா:

வணக்கம். டாலஸ் பக்கம் இருக்கிறோம். மகன் எட்டாம் வகுப்பு, பள்ளியின் அமெரிக்கன் ஃபுட்பால் அணியில் லைன்பேக்கர், அதாவது பந்தோடு ஓடி வருபவனைப் பிடித்து வீழ்த்துவதுதான் (டேக்கிள்) அவன் வேலை. அடுத்த வருடம் ஹைஸ்கூல் அணியில் இடம் பிடிக்க வேண்டும் என்பதைத் தவிர இப்போது அவனுக்கு வேறு நினைப்பே இல்லை. இந்த மாநிலத்தில் வெள்ளிக்கிழமை ராத்திரி மைதானம் எப்படி இருக்கும் என்று இங்கே இருப்பவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

போன வாரம் நடந்த மேட்சை என் கணவர் போனில் எடுத்திருந்தார். வீட்டில் போட்டுப் பார்த்தோம். எதிரணிப் பையன் பந்தோடு நேராக ஓடி வருகிறான். இவன் பாய்ந்து போகிறான். மோதும் அந்த நொடியில் இவன் முகம் தரையைப் பார்க்கிறது, ஹெல்மெட்டின் உச்சிதான் அந்தப் பையன் மார்பில் இடிக்கிறது. அவன் மல்லாந்து விழுந்தான். எங்கள் பக்கம் ஒரே கைதட்டல். கோச் இவன் தோளில் தட்டிக்கொடுத்தார். எனக்கு மட்டும் வயிறு கலங்கியது. அதே வீடியோவில் முன்னும் பின்னும் தேடிப் பார்த்தால், அநேகமாக ஒவ்வொரு டேக்கிளிலும் இப்படித்தான் குனிகிறான்.

அன்று ராத்திரி சாப்பிடும்போது இடது கையைத் தொங்கவிட்டபடி உட்கார்ந்திருந்தான். துருவிக் கேட்டதற்குப் பிறகு சொன்னான், தோளிலிருந்து விரல் வரை ஷாக் அடித்த மாதிரி எரிந்ததாம், கொஞ்ச நேரத்தில் போய்விட்டதாம். முன்பும் வந்திருக்கிறதாம். “எல்லாருக்கும் வரும்மா, கோச்கிட்ட சொல்லிடாதே” என்கிறான்.

விலை பார்க்காமல் ஐந்து நட்சத்திர ஹெல்மெட் வாங்கிக் கொடுத்திருக்கிறோம். அது போதாதா? உண்மையான ஆபத்து எவ்வளவு? கோச்சிடம் என்ன கேட்க வேண்டும்? திருச்சியிலிருந்து மாமியார் தினமும் போன் செய்து நிறுத்து நிறுத்து என்கிறார், கணவர் விளையாடட்டும் என்கிறார். செஸ் கிளாஸில் சேர்த்துவிடுங்கள் என்று மட்டும் தயவுசெய்து பதில் போடாதீர்கள். அவன் இந்த விளையாட்டை நேசிக்கிறான், அதை நான் தினமும் பார்க்கிறேன்.

மைதான_ஓரம்:

அக்கா, நான் ஒஹையோவில் ஒரு ஹைஸ்கூலில் அத்லெடிக் ட்ரெயினர். மேட்சின்போது கோட்டுக்கு வெளியே பையோடு நின்று, யாராவது விழுந்தால் முதலில் ஓடுகிற ஆள். ஹெல்மெட், கோச் எல்லாம் பிறகு பேசுவோம். முதலில் அந்தக் கை.

அவன் சொன்னதைப் பையன்கள் ஸ்டிங்கர் என்பார்கள். கழுத்திலிருந்து தோள் வழியாகக் கைக்குப் போகும் நரம்புப் பின்னல் இழுபடும்போதோ நசுங்கும்போதோ வருவது. நிமிடங்களில் சரியாகிவிடும் என்பதால் யாரும் வெளியே சொல்வதில்லை. ஆனால் திரும்பத் திரும்ப வருகிறது என்றால் கழுத்தை ஒரு டாக்டர் பார்க்காமல் அவன் மறுபடி யார் மீதும் மோதக் கூடாது. ஸ்போர்ட்ஸ் மெடிசின் டாக்டராக இருந்தால் நல்லது. கோச்சிடம் நாளைக்கே சொல்லுங்கள், மகன் கோபித்துக்கொண்டாலும் சொல்லுங்கள். இன்னொன்று: இரண்டு கைகளிலும் ஒரே நேரத்தில் எரிச்சலோ மரத்துப்போவதோ வந்தால், கால்களில் வந்தால், அது ஸ்டிங்கர் இல்லை. தண்டுவடம் சம்பந்தப்பட்டது. ஆளை அசைக்காமல் 911 கூப்பிட வேண்டிய விஷயம்.

இப்போது ஹெல்மெட். வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகம் கொடுக்கும் அந்த நட்சத்திரங்கள், தலையில் அடி படும்போது கன்கஷன் (மூளை அதிர்ந்து வரும் காயம்) வரும் வாய்ப்பை ஹெல்மெட் எவ்வளவு குறைக்கிறது என்பதற்கானவை. ஐந்து நட்சத்திரம் வாங்கியது நல்லதுதான். ஆனால் கழுத்துக்கு எந்த ஹெல்மெட்டும் எதுவும் செய்யாது. சொல்லப்போனால் கழுத்துப் பிரச்சினை பெரிதானதே ஹெல்மெட் நன்றாக வந்த பிறகுதான். கெட்டியான பிளாஸ்டிக் ஓடும் முகத்துக்குக் கம்பியும் வந்தபின் பையன்களுக்கு மூக்கு உடையும், பல் போகும் என்ற பயம் விட்டுப்போயிற்று. எதிராளியின் சட்டை எண்ணில் முகத்தைப் பதி என்று கோச்சுகளே சொல்லிக் கொடுத்த காலம் அது. தலை ஆயுதமாக மாறியது. ஈட்டி மாதிரி தலையை நீட்டிப் பாய்வதால் அதற்கு ஸ்பியரிங் என்று பெயர்.

கழுத்துக்குள் என்ன நடக்கிறது என்பதை பிலடெல்பியாவின் எலும்பு மருத்துவர் ஜோசப் டோர்க் விளக்கினார். தேசம் முழுக்க நடந்த கழுத்துக் காயங்களை 1975-ல் ஒரு பதிவேட்டில் தொகுக்க ஆரம்பித்து, மேட்ச் படங்களை ஓட்டி ஓட்டிப் பார்த்தார். அதுவரை தலை பின்பக்கம் மடங்குவதால், ஹெல்மெட்டின் பின்விளிம்பு கழுத்தில் இடிப்பதால் எலும்பு முறிகிறது என்று பலர் நம்பிக்கொண்டிருந்தார்கள். படங்களில் தெரிந்தது வேறு. தலை நிமிர்ந்திருக்கும்போது கழுத்து முள்ளெலும்புகள் லேசாக முன்பக்கம் வளைந்திருக்கின்றன. அடி விழுந்தால் அந்த வளைவும் சுற்றியுள்ள தசைகளும் வாங்கிக்கொள்ளும். தலையை 30 பாகை அளவுக்குக் குனிந்தால் வளைவு போய்க் கழுத்து நேர்க்கோடாகிவிடும். அப்போது உச்சந்தலையில் இடித்தால், தலை அங்கேயே நின்றுவிடுகிறது, உடம்பு பின்னாலிருந்து வந்துகொண்டே இருக்கிறது. நடுவில் மாட்டுவது கழுத்து. கேரம் காய்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி மேலிருந்து ஓங்கி அழுத்திப் பாருங்கள், நடுவில் ஏதோ ஒன்று விலகித் தெறிக்கும். கழுத்தில் அப்படி விலகும் எலும்பு தண்டுவடத்தை நசுக்கிவிடுகிறது. அவன் சுதாரித்துத் தலையை நிமிர்த்துவதற்குள் முடிந்துவிடும்.

இதைக் காட்டிய பிறகு 1976-ல் பள்ளி, கல்லூரி இரண்டு மட்டத்திலும் விதி வந்தது: தலையாலோ முகத்தாலோ முதலில் மோதக் கூடாது. 1976-ல் பள்ளி, கல்லூரி ஃபுட்பாலில் கழுத்துக்குக் கீழ் நிரந்தரமாகச் செயலிழந்தவர்கள் 34 பேர். 1984-ல் 5 பேர். ஹெல்மெட் மாறியதால் வந்த குறைவு இல்லை இது, தலையை வைக்கும் இடம் மாறியதால் வந்தது. என்னிடம் யாராவது சிகிச்சையைப் பற்றிக் கேட்டாலும் நான் முதலில் சொல்வது இந்த இரண்டு எண்களைத்தான். களத்தில் அடிபட்டு நேரடியாக இறந்தவர்கள் கணக்கும் அப்படியே. 1968-ல் 36 பேர். 1990-ல் ஒருவர்கூட இல்லை.

இன்றைக்கு நாடு முழுவதும் பத்து லட்சம் அளவில் பள்ளிப் பிள்ளைகள் விளையாடுகிறார்கள். தண்டுவடம் போகும் காயம் வருடத்துக்கு விரல் விட்டு எண்ணக்கூடியதுதான். அதனால் ‘விளையாடினால் கழுத்து போய்விடும்’ என்று மாமியார் பயப்பட வேண்டியதில்லை. ஆனால் அந்த விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள் யார் என்று பார்த்தால் எனக்குத் தூக்கம் வராது. ஏனென்றால் உங்கள் மகன் வீடியோவில் செய்வதைச் செய்தவர்கள்தான் அவர்கள்.

ஒன்றை எல்லோரும் தலைகீழாகப் புரிந்துகொண்டிருக்கிறார்கள். அடி வாங்குகிறவனுக்குத்தான் கழுத்து உடையும் என்று நினைக்கிறார்கள். அடிக்கிறவனுக்கு அக்கா. 1989-ல் மிசிசிப்பி பல்கலைக்கழகத்தின் சக்கி முல்லின்ஸ், வாண்டர்பில்ட் வீரரைத் தலையால் இடித்து நிறுத்தினார். நான்கு கழுத்தெலும்புகள் நொறுங்கின. 1991-ல் இறந்துபோனார், 21 வயது. 2000 செப்டம்பரில் பென் ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் ஆடம் டாலியஃபெரோ, முதலாம் ஆண்டு மாணவர், இங்கே கொலம்பஸ் மைதானத்தில் ஒஹையோ ஸ்டேட் வீரரைக் குனிந்து டேக்கிள் செய்து அப்படியே கிடந்தார். அவர் அதிர்ஷ்டசாலி, மறு வருடம் தன் காலாலேயே நடந்து வந்து அணியை மைதானத்துக்குள் கூட்டிப்போனார். 2007-ல், தொழில்முறை லீகான என்எஃப்எல்லில், பஃபலோ பில்ஸின் கெவின் எவரெட். 2017 டிசம்பரில் பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸின் ரயன் ஷேசியர், உங்கள் மகன் ஆடும் அதே லைன்பேக்கர் இடம். சின்சினாட்டியில் ஒரு சாதாரண டேக்கிள், தலை குனிந்திருந்தது, அந்த நொடியே கால்கள் அசையவில்லை. பெரிய அறுவை சிகிச்சைக்குப் பிறகு மறுபடி நடந்தார். ஆனால் மறுபடி ஆடவில்லை. எல்லாருமே டேக்கிள் செய்யப் போனவர்கள். 1978-ல் ஓக்லாந்தில் ஜாக் டேட்டம் மோதியதில் செயலிழந்த டேரில் ஸ்டிங்லி மாதிரி, பந்தைப் பிடிக்கப் போய் அடி வாங்கி விழுந்தவர்களும் உண்டு. அவர்கள் குறைவு.

ஷேசியர் விழுந்த அடுத்த மார்ச்சில்தான் என்எஃப்எல் விதியை மாற்றியது. தலையைத் தாழ்த்தி ஹெல்மெட்டால் மோதலைத் தொடங்கினால் யாராக இருந்தாலும் 15 யார்டு தண்டனை, வெளியேற்றவும் செய்யலாம். பள்ளிக்கூடத்தில் நாற்பது வருடங்களுக்கு முன்பே தடை செய்தது பெரிய லீகுக்கு அப்போதுதான் போய்ச் சேர்ந்தது. பையன்கள் டிவியில் பார்த்துக் கற்றுக்கொள்கிறார்கள், அதனால் இந்தத் தாமதம் என்னைப் போன்றவர்களுக்கு ரொம்ப வலிக்கும்.

ஆகவே உங்கள் கேள்விக்கு என் பதில்: டாக்டர் சரி என்று சொல்லும்வரை மோதல் இல்லை. அதன்பிறகு, டேக்கிள் முறையை அடியிலிருந்து மாற்றிக் கற்றுக்கொடுக்க ஒரு கோச் இருந்தால் மட்டும் ஆடட்டும். அந்த அடியைப் பார்த்துத் தோளில் தட்டிக்கொடுத்த கோச் எனக்குக் கவலை தருகிறார். அது எதிராளிக்கும் ஆபத்து, தண்டனைக்குரிய ஆட்டம். அவர் விசில் அடித்துக் கூப்பிட்டுத் திருத்தியிருக்க வேண்டும்.

கண்டிக்காரன்:

தங்கச்சி, நான் இப்ப ஸ்கார்பரோவிலை. படிச்சது கண்டியிலை, பள்ளிக்கூட அணிக்கு றக்பி விளையாடினனான். மைதான ஓரத்திலை நிக்கிற பிள்ளை வடிவா விளக்கிப்போட்டா. நான் டேக்கிள் எப்பிடிச் செய்யவேணும் எண்டதை மட்டும் சொல்லுறன்.

எங்களுக்குத் தலையிலை ஒண்டும் இல்லை. ஹெல்மற் இல்லாதவன் தலையாலை இடிக்கமாட்டான், ஒருக்கா இடிச்சால் பிறகு வாழ்க்கையிலை இடிக்கமாட்டான். அதாலை முதல் நாளே எங்கடை மாஸ்ரர் கேக்கிறது ‘உன்ரை தலை எங்கை?’ எண்டுதான். ஓடி வாறவன்ரை முன்னாலை தலை போகக்கூடாது. அவன்ரை இடுப்புக்குப் பின்பக்கமா, பிட்டத்தோடை உன்ரை கன்னம் ஒட்டிக்கிடக்க வேணும். தோள் அவன்ரை துடையிலை. ரெண்டு கையாலையும் காலைக் கட்டிப் பிடிச்சு, கால் எடுத்து வைச்சுத் தள்ளு. கண் கடைசிவரை திறந்திருக்க வேணும், பார்வை மேலை. நிலத்தைப் பாத்தால் கழுத்து தானாக் குனியும். இதை முதலிலை முழங்காலிலை நிண்டு பழக்குவினம், பிறகு நடந்து, பிறகுதான் ஓடி. மாசக்கணக்கா இதே வேலை.

அமெரிக்கன் ஃபுட்பாலிலை ஏன் முன்னாலை போய் இடிக்கினம் எண்டும் நான் யோசிச்சிருக்கிறன். றக்பியிலை ஒருத்தன் விழேக்கை இன்னும் ரெண்டடி முன்னுக்குப் போனால் பெரிசா ஒண்டும் நடக்காது. அங்கை ஒவ்வொரு யார்டும் கணக்கு. அவனை வந்த இடத்திலையே நிப்பாட்ட வேணும் எண்டு தலையை முன்னுக்குக் குடுக்கினம். றக்பியிலை கையாலை கட்டிப் பிடிக்காமல் சும்மா இடிச்சால் அது தவறு, பெனல்ரி. அங்கை இடிச்சு விழுத்தினாலே போதும். விதியே அப்பிடிப் பழக்கி விட்டிருக்கு.

ஆனால் அங்கையும் மாற்றம் வந்திருக்கு. 2014 இலை சியாட்டில் சீஹாக்ஸ் கோச் பீட் கரோல், தன்ரை அணி எப்பிடித் தோளாலை டேக்கிள் செய்யுது எண்டு வீடியோவே வெளியிட்டவர். றக்பியிலையிருந்துதான் எடுத்தது எண்டு அவை வெளிப்படையாச் சொன்னவை. அந்த வருசம்தான் அந்த அணி சூப்பர் போல், அதுதான் என்எஃப்எல் இறுதி ஆட்டம், வெண்டது, பாதுகாப்பு ஆட்டத்திலை அவையை அடிக்க ஆளில்லை. அதாலை ‘தோளாலை பிடிக்கிறது மெதுவான பிள்ளையளுக்கு’ எண்டு ஆரும் சொன்னால் நம்பாதேங்கோ. அந்த வீடியோ இப்பவும் கிடக்கு, மகனோடை சேர்ந்து பாருங்கோ.

றக்பி எண்டால் ஆபத்தில்லை எண்டு நான் சொல்லேல்லை. ரெண்டு அணியும் குனிஞ்சு தோள் முட்டித் தள்ளுற ஸ்க்ரம் சரிஞ்சு கழுத்து முறிஞ்ச பிள்ளையள் இருக்கினம். தலையிலை படுற அடி இப்ப அங்கையும் பெரிய பிரச்சினை, தோளுக்கு மேலை டேக்கிள் செய்தால் நேரை சிவப்பு அட்டை வரைக்கும் போகுது. றக்பியின்ரை இன்னொரு வகையான றக்பி லீக்கிலையிருந்து அமெரிக்கன் ஃபுட்பாலுக்குக் கெட்டதும் போயிருக்கு. பின்னாலை பிடிச்சு, தன்ரை இடுப்பைச் சுழட்டி, ஓடுறவன்ரை காலுக்கு மேலை பாரத்தைப் போட்டு விழுறது. ஹிப் டிராப் எண்டு சொல்லுவினம். கணுக்கால், முழங்கால் துலைஞ்சு போகும். அவுஸ்திரேலியாவிலை முதலே தடை செய்தது, என்எஃப்எல் 2024 மார்ச்சிலைதான் தடை செய்தது. மகனுக்கு அதையும் சொல்லி வையுங்கோ, பின்னாலை துரத்திப் பிடிக்கேக்கை பிள்ளையள் தெரியாமலே அப்பிடி விழுவினம்.

ஜெர்சி_அப்பா:

எல்லோரும் டேக்கிள் முறையைப் பற்றியே பேசுகிறீர்கள். நான் கொஞ்சம் மாறுபடுகிறேன்.

நாங்கள் எடிசனில் இருக்கிறோம். பக்கத்து ஊர்தான் எரிக் லெக்ராண்டின் ஊர். ரட்கர்ஸ் பல்கலைக்கழக அணிக்காக 2010 அக்டோபரில் ஆர்மி (ராணுவக் கல்லூரி) அணிக்கு எதிரான மேட்சில், கிக்ஆஃபில், அதாவது பந்தை எதிரணிப் பக்கம் உதைத்து ஆட்டம் தொடங்கும்போது, ஓடிப்போய் டேக்கிள் செய்தவர், அன்றிலிருந்து சக்கர நாற்காலி. உட்பிரிட்ஜில் காபிக்கடை வைத்திருக்கிறார், எங்கள் வீட்டில் எல்லோருக்கும் அவர்மேல் பெரிய மரியாதை. என் மகனும் ஃபுட்பால் ஆடினான், நல்ல கோச், நல்ல முறை, தலை நிமிர்ந்துதான் ஆடினான். ஆனாலும் பத்தாம் வகுப்போடு நான் நிறுத்திவிட்டேன்.

காரணம் மூளை. பாஸ்டன் பல்கலைக்கழகம் 2017-ல் வெளியிட்ட ஆய்வில், தானமாகக் கிடைத்த 111 என்எஃப்எல் வீரர்களின் மூளைகளில் 110-ல் சிடிஇ (தலையில் திரும்பத் திரும்ப அடிபடுவதால் மூளை சிதையும் நோய்) இருந்தது. கன்கஷன் ஆகாத சிறிய அடிகளும் வருடக்கணக்கில் சேர்ந்து இதைக் கொண்டுவருகின்றன என்கிறார்கள். தோளால் டேக்கிள் செய்தால் கழுத்து தப்பும், சரி. கீழே விழும்போது தலை தரையில் மோதாதா? எதிராளியின் முழங்கால் தலையில் படாதா? மைதான_ஓரம் இதற்குப் பதில் சொல்ல வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். சண்டைக்காக இல்லை, எனக்கும் இளைய மகன் ஒருவன் வளர்ந்து வருகிறான்.

மைதான_ஓரம்:

அண்ணா, கேட்டது நியாயமான கேள்வி. உங்கள் முடிவு தவறு என்று நான் சொல்லவே மாட்டேன்.

அந்த 110 பற்றி மட்டும் ஒன்று. அந்த மூளைகளைத் தானம் செய்தவை பெரும்பாலும் மறதி, கோபம், மனச்சோர்வு என்று அந்த மனிதர் மாறிப்போனதைக் கண்ணால் பார்த்த குடும்பங்கள். அதனால் ‘ஆடியவர்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பேர்’ என்று அதை வாசிக்கக் கூடாது, ஆய்வாளர்களே அதைச் சொல்லியிருக்கிறார்கள். ஆனால் எத்தனை வருடம் ஆடினார்கள் என்பதோடு ஆபத்தும் ஏறுகிறது என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. அதனால்தான் மோதல் எப்படி என்பதோடு எத்தனை முறை என்பதையும் நான் பிடித்துக்கொள்கிறேன்.

நீங்கள் கேட்ட அந்தச் சின்ன அடிகளில் பெரும்பங்கு மேட்சில் இல்லை அண்ணா, பயிற்சியில் விழுகிறது. டார்ட்மத் கல்லூரியில் கோச் பட்டி டீவன்ஸ் 2010-ல் பயிற்சியில் ஆளை ஆள் டேக்கிள் செய்வதையே நிறுத்தினார். பொம்மைகளை வைத்துப் பழக்கினார். பிறகு அங்கே மாணவர்கள் ரிமோட்டில் ஓடும் ஒரு பொம்மையையே செய்துவிட்டார்கள், அது துள்ளி ஓடும், பையன்கள் துரத்திப் பிடிப்பார்கள். எல்லோரும் இவர் அணி தோற்றுப்போகும் என்றார்கள். 2015-ல், தாங்கள் ஆடும் கல்லூரி லீகான ஐவி லீகின் பட்டத்தைப் பகிர்ந்துகொண்டார்கள். அடுத்த வருடம் ஐவி லீகின் எல்லா அணிகளும் சீசன் நேரத்துப் பயிற்சியில் முழு டேக்கிளை விட்டுவிட்டன. அதே 2016-ல் அவர்கள் கிக்ஆஃப் உதைக்கும் இடத்தை 40 யார்டு கோட்டுக்கு முன்னேற்றினார்கள். பந்து பெரும்பாலும் எதிரணியின் கடைசிப் பகுதிவரை போய்விடும், அதை எடுத்துக்கொண்டு ஓடுவது குறைவு, இரண்டு அணியும் முழு வேகத்தில் ஓடி மோதுவது குறைந்தது, கிக்ஆஃபில் கன்கஷன் வெகுவாகக் குறைந்தது. லெக்ராண்டும் எவரெட்டும் விழுந்தது கிக்ஆஃபில்தான் என்பதைக் கவனியுங்கள். நீண்ட ஓட்டம், முழு வேகம், நேருக்கு நேர். என் கையில் அதிகாரம் இருந்தால் பள்ளிக்கூட ஆட்டத்திலிருந்து கிக்ஆஃபை எடுத்தேவிடுவேன்.

உங்கள் இளையவனுக்கு என் யோசனை ஃப்ளாக் ஃபுட்பால். இடுப்பில் தொங்கும் துணியைப் பிடுங்குவதுதான் அங்கே டேக்கிள். ஓட்டம், பாஸ், யுக்தி எல்லாம் அப்படியே இருக்கும். 2028 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்ஸிலேயே வருகிறது. ஹைஸ்கூல் வரை அதை ஆடிவிட்டு, பிறகு வேண்டுமானால் டேக்கிளுக்கு வரட்டும்.

கன்கஷன் பற்றி டெக்சஸ் அக்காவும் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று உண்டு. 2006-ல் வாஷிங்டன் மாநிலத்தில் ஸக்கரி லிஸ்டெட் என்ற 13 வயதுப் பையன் டேக்கிள் செய்யும்போது தலை தரையில் மோதியது. கொஞ்ச நேரம் உட்கார வைத்துவிட்டு மறுபடி இறக்கினார்கள். மேட்ச் முடிந்து மைதானத்திலேயே சுருண்டு விழுந்தான். மூளையில் ரத்தக்கசிவு. பேசவே மாதக்கணக்கில் ஆயிற்று. அவன் பெயரில் 2009-ல் சட்டம் வந்தது: சந்தேகம் வந்தாலே அன்றைக்கு வெளியே, மருத்துவர் எழுதிக் கொடுக்காமல் உள்ளே வரக் கூடாது. 2014-க்குள் எல்லா மாநிலங்களும் இப்படி ஒரு சட்டம் போட்டுவிட்டன, டெக்சஸிலும் இருக்கிறது. ஆனால் பையன் வாயைத் திறந்து சொன்னால்தானே சட்டம் வேலை செய்யும்? உங்கள் மகன் ‘கோச்கிட்ட சொல்லிடாதே’ என்றான் பாருங்கள், ஸ்டிங்கரைவிட எனக்குப் பயம் தந்தது அந்த வரிதான். கடிந்துகொள்ளாதீர்கள். சொன்னதற்காக அவன் அணியில் இடம் இழக்கமாட்டான் என்று கோச் வாயால் அவன் கேட்க வேண்டும். அதற்கு நீங்கள் ஏற்பாடு செய்யுங்கள்.

டெக்சஸ்_அம்மா:

எல்லோருக்கும் எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. வாசித்துவிட்டு மறுநாளே கோச்சிடம் போனேன். கணவரும் வந்தார். வீடியோவைக் காட்டினோம். முதலில் “நல்ல ஹிட்” என்றுதான் தொடங்கினார். தலையை மட்டும் பாருங்கள் என்று நிறுத்தி நிறுத்திக் காட்டியபோது பேச்சு மாறியது. கையில் எரிச்சல் வந்ததைச் சொன்னதும் அவரே மோதல் பயிற்சியிலிருந்து நிறுத்திவிட்டார். மகன் என்னோடு இரண்டு நாள் பேசவில்லை. பரவாயில்லை.

டாக்டர் கையின் பலத்தைச் சோதித்தார், கழுத்தைத் திருப்பிப் பார்க்கச் சொன்னார், எக்ஸ்ரேவுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார். தேவைப்பட்டால் எம்ஆர்ஐ என்றார். ரிப்போர்ட் இன்னும் வரவில்லை.

கண்டி அண்ணா, அந்த சியாட்டில் வீடியோவை மகனுக்கு அனுப்பினேன். பேசவில்லையே தவிர பார்த்திருக்கிறான், தம்பியைக் கூடத்தில் முழங்காலில் நிறுத்திப் பிடித்துக்கொண்டிருந்தான்.

இன்னும் சில கேள்விகள். மேட்ச் நாளில் ட்ரெயினர் இருக்கிறார், ஆனால் பயிற்சிக்கு எல்லா நாளும் வருவதில்லையாம். அது சரியா? மறுபடி ஆட வந்தால் கோச்சிடம் வேறு என்ன கேட்க வேண்டும்? கழுத்துக்கு உடற்பயிற்சி ஏதாவது உண்டா?

மைதான_ஓரம்:

கோச் நின்று பார்த்தாரே, அது பெரிய விஷயம் அக்கா. சில பேர் போனைக் கையில் வாங்கவே மாட்டார்கள்.

டெக்சஸில் சீசன் நேரத்தில் ஒரு பையனுக்கு முழு மோதல் பயிற்சி வாரத்துக்கு 90 நிமிடத்துக்கு மேல் கூடாது என்று விதி இருக்கிறது. ‘அந்த 90 நிமிடத்தை யார் கணக்கு வைக்கிறார்கள், எந்தெந்த நாள்?’ என்று கேளுங்கள். கணக்கு வைப்பவர் உடனே பதில் சொல்வார். அந்த நாட்களில் ட்ரெயினரை வரச்சொல்லுங்கள், மற்ற நாட்களில் இல்லாவிட்டாலும் சமாளிக்கலாம். அதுவும் முடியாது என்றால் நான் என் பிள்ளையை அந்த நாளில் அனுப்பமாட்டேன். 2023 ஜனவரியில் பஃபலோ பில்ஸ் வீரர் டமார் ஹாம்லின் களத்தில் விழுந்தபோது இதயம் நின்றுவிட்டது. அங்கேயே ட்ரெயினர்கள் நெஞ்சை அழுத்தியதால் பிழைத்தார். அது டேக்கிள் முறையால் வந்த காயம் இல்லை, ஆனால் அந்த நொடியில் தெரிந்த ஆள் பக்கத்தில் இல்லையென்றால் என்ன ஆகியிருக்கும்? மின் அதிர்ச்சிக் கருவி எங்கே இருக்கிறது, அந்த அறைச் சாவி யாரிடம் என்று கேட்டு, போய்க் கண்ணால் பாருங்கள்.

டெக்சஸ் கோச்சுகள் 2019 முதல் பாதுகாப்பான டேக்கிளுக்கான சான்றிதழ் எடுக்க வேண்டும். அந்தப் பாடமும் கண்டி அண்ணா சொன்ன றக்பி வழியில் வந்த தோள் முறைதான். அதனால் புதிதாக எதையும் நீங்கள் கேட்கவில்லை, அவர் படித்ததைச் சொல்லிக் கொடுக்கும்படிதான் கேட்கிறீர்கள். வீடியோ எடுப்பதைத் தொடருங்கள். அடி எவ்வளவு பலம் என்று பார்க்காமல், மோதும்போது அவன் கண் தெரிகிறதா என்று பாருங்கள். முன்னாலிருந்து எடுத்த படத்தில் முகக் கம்பிக்குள் கண் தெரிந்தால் தலை நிமிர்ந்திருக்கிறது. ஹெல்மெட்டின் உச்சி தெரிந்தால் அன்று ராத்திரியே அவனிடம் காட்டுங்கள்.

கழுத்துப் பயிற்சி உண்டு, செய்ய வேண்டும், ஆனால் டாக்டர் சரி சொன்ன பிறகு. உள்ளங்கையை நெற்றியில், பின்தலையில், பக்கவாட்டில் வைத்து, தலையை அசைக்காமல் எதிர்த்துத் தள்ளுவதில் தொடங்குவோம். பள்ளி ட்ரெயினரோ ஃபிசியோவோ நேரில் காட்டட்டும். பலமான கழுத்து நல்லதுதான், ஆனால் குனிந்த தலையை எந்தப் பலமும் காப்பாற்றாது.

ஒருவேளை எப்போதாவது அவன் களத்தில் விழுந்து எழாமல் இருந்தால், நீங்கள் ஓடிப்போய்த் தூக்காதீர்கள். புரட்டக் கூடாது, ஹெல்மெட்டைக் கழற்றக் கூடாது. மூச்சுக்கு வழி வேண்டுமென்றால் முகக் கம்பியை மட்டும் கழற்றும் கருவி எங்கள் பையில் இருக்கும். தலையை ஒருவர் இரண்டு கையாலும் அசையாமல் பிடித்துக்கொள்வார். நீங்கள் அவன் கண்ணுக்குத் தெரியும் இடத்தில் முட்டி போட்டு அவன் பெயரைச் சொல்லிப் பேசிக்கொண்டிருங்கள். நாங்கள் அதைத் தடுக்கமாட்டோம்.

எக்ஸ்ரே ரிப்போர்ட் வந்ததும் பக்கவாட்டுப் படத்தில் கழுத்தின் வளைவு பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று டாக்டரிடம் கேளுங்கள். நிமிர்ந்து நின்ற நிலையில் எடுத்த படமாக இருக்க வேண்டும். தலையால் இடித்து இடித்து ஆடுகிறவர்களுக்கு வளைவு போய்க் கழுத்து நேராகி, தண்டுவடம் போகும் பாதையும் குறுகலாக இருந்தால், அவர்கள் மோதல் விளையாட்டே ஆடக் கூடாது என்று டோர்க் 1993-ல் எழுதினார். பெரும்பாலான பையன்களுக்கு அப்படி இருக்காது. எரிச்சல் முழுக்கப் போய், இரண்டு கையிலும் பலம் சமமாகி, கழுத்து எல்லாப் பக்கமும் வலியில்லாமல் திரும்பினால் டாக்டர் எழுதிக் கொடுப்பார். அதுவரை அவன் பயிற்சிக்குப் போகட்டும், ஓடட்டும், பொம்மையோடு தோள் வைத்துப் பழகட்டும், அதற்கு டாக்டரின் அனுமதியைத் தனியாகக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். ரிப்போர்ட்டில் ஏதாவது புரியாவிட்டால் பெயரை மறைத்துவிட்டு இங்கே போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.